பொது நூலகத்தில் ‘பொது’ யார்?

நூலகத்தின் பெருமையைப் பேசாத மேடை நம் நாட்டில் இல்லை. ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதம் வாசிப்பு மாதமாகக் கொண்டாடப்படுகின்றது. பாடசாலைகளிலே பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி. நகர மண்டபத்திலே பரிசளிப்பு. தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை. நூலகம் அறிவின் ஆலயம் என்று அங்கே தவறாது கூறப்படும். இவ்வுவமையைக் கேட்கும்போதெல்லாம் என் மனத்தில் ஓர் ஐயம் எழுவதுண்டு. நம்மவர் ஆலயங்களின் வரலாற்றிலே உள்ளே செல்ல அனுமதிக்கப்பட்டோர் யாவர், வாயிலில் நிறுத்தப்பட்டோர் யாவர் என்பது எளிய வினாவன்று. 1968இல் மாவிட்டபுரத்து வீதியில் அவ்வினா எழுந்தபோது யாழ்ப்பாணச் சமுதாயம் முழுவதும் இரு கூறாகப் பிரிந்து நின்றதை நாம் அறிவோம். அறிவின் ஆலயத்தின் வாயிலிலும் அதே வினாவை எழுப்பிப் பார்த்தல் தகும். பொது நூலகம் என்கிறோமே, அதில் ‘பொது’ என்ற சொல் யாரைக் குறிக்கின்றது?

நான் மலையகத்துச் சிறு நகரொன்றிலே தமிழ் கற்பிப்பவன். ஒரு கடைத்தெரு, ஒரு பஸ் நிலையம், இரண்டு வங்கிகள், கோயில், விகாரை, பள்ளிவாசல், சபைக் கட்டடம்: இவ்வளவுதான் நகர். சபைக் கட்டடத்தின் மேல்மாடியிலே நூலகம் இருக்கின்றது. நகரைச் சுற்றி எத்திசை நோக்கினும் தேயிலை. எமது பாடசாலைக்கு வரும் பிள்ளைகளிற் பெரும்பாலோர் அத்தேயிலை நடுவேயுள்ள லயங்களிலிருந்து வருபவர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், சாதாரண தர வகுப்பு மாணவி ஒருத்தி நூலக அங்கத்துவப் படிவமொன்றைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். பெயர், முகவரி, பிறந்த திகதி ஆகியன அழகிய எழுத்தில் நிரப்பப்பட்டிருந்தன. கடைசிப் பகுதி மட்டும் வெறுமையாக இருந்தது. பிணையாளர், சபை எல்லைக்குள் ஆதன வரி இறுப்பவராக இருத்தல் வேண்டும் என்று அவ்விடத்தில் அச்சிடப்பட்டிருந்தது.

“லயத்துல யாருக்கும் வரி இல்லையே, சேர். யாருகிட்ட கையெழுத்து வாங்குறது?” என்று அவள் கேட்டாள்.

அவளுக்கு விடை கூற என்னால் இயலவில்லை. பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றவன் நான். தொல்காப்பியம் முதல் இக்கால இலக்கியம்வரை கற்பிக்கும் தகுதி எனக்குண்டு என்று அரசாங்கம் சான்றிதழ் தந்திருக்கின்றது. ஆயினும் அம்மாணவி ஒரு புத்தகத்தைத் திருப்பித் தருவாள் என்று உறுதி கூறும் தகுதி எனக்கிருக்கவில்லை. ஏனெனில் நான் வாடகை அறையில் இருப்பவன்.

இறுதியில், கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் சென்றோம். அவர் நல்லவர். மறுவார்த்தை பேசாமற் கையொப்பமிட்டார். படிவத்தைத் திருப்பித் தரும்போது, “எனக்கு ஒரு பயமும் இல்ல, மாஸ்டர். இவ தகப்பன் கணக்கு நம்ம கடையிலதானே இருக்கு” என்று சிரித்துக்கொண்டு சொன்னார்.

அவர் தீய எண்ணத்தோடு அதைச் சொல்லவில்லை. எனினும் அச்சொல் என்னை நெடுநாள் உறுத்தியது. அரிசிக்கும் மாவுக்கும் பட்ட கடன் எழுதப்பட்ட கொப்பியிலே, ஒரு பிள்ளையின் வாசிக்கும் உரிமையும் அன்று ஒரு வரியாகச் சேர்ந்துகொண்டது. மக்கள் பணத்தில் மக்களுக்காக நடத்தப்படும் நிறுவனமொன்று, தன் வாசகரை நம்புவதற்குக் கடன் கொடுத்தவரின் சாட்சியத்தை வேண்டி நிற்கின்றது. சிறுநகர் நூலகங்களைப் பற்றி நான் கூற விரும்பும் குறையின் சாரம் இதுவே. சட்டத்தாலும் கொள்கையாலும் உரிமையாக இருக்க வேண்டிய ஒன்று, நடைமுறையிலே தயவாக மாறிவிட்டது.

இந்த மாற்றத்தின் தன்மையை விளங்கிக்கொள்ள வரலாற்றைச் சற்று நோக்குதல் அவசியம். யாழ்ப்பாணத்துப் பொது நூலகத்தின் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1933இல் க. மு. செல்லப்பா என்னும் தனிமனிதர் தம் வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஆர்வமுள்ளோர் சிலர் துணைநிற்க, 1934ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றிலே 844 நூல்களோடும் ஏறத்தாழ 30 பத்திரிகை, சஞ்சிகைகளோடும் அது நூலகமாயிற்று. 1935 ஜனவரியில் நகர சபை அதனைப் பொறுப்பேற்றது. இப்பொறுப்பேற்பின் பொருளை நாம் ஆழ்ந்து சிந்திப்பதில்லை. ஒருவர் தம் நூலைப் பிறருக்குத் தருவது பெருந்தன்மை. சபை தருவது கடமை. செல்லப்பாவின் வீட்டு வாயிலில் நின்றவர் நன்றி கூறிப் பெற்றுச்சென்றிருப்பார். சபையின் நூலகத்தில் நுழைபவர் நன்றி கூற வேண்டியதில்லை, அது அவருடையது. தயவு உரிமையாக வளர்ந்த நிகழ்ச்சி அது. எங்கள் நகரிலோ, ஏட்டளவில் உரிமையாக இருப்பது பிணையாளரின் தயவுக்குத் திரும்பிச் செல்கின்றது.

இவ்விடத்து நூலகவியலறிஞர் சீ. இரா. அரங்கநாதனை நினைவுகூர்தல் பொருந்தும். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் உலகெங்கும் நூலகர் பயிற்சியில் இன்றும் கற்பிக்கப்படுகின்றன. நூல்கள் பயன்பாட்டுக்கு உரியன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வாசகரின் நேரத்தைக் காத்தல். நூலகம் வளரும் உயிரி என்பன அவை. யாழ்ப்பாணத்து நூலகம் 1959இல் எழில்மிகு கட்டடத்திலே திறக்கப்படுவதற்கு முன்னர், அதன் அமைப்புக்கு ஆலோசனை வழங்கியவரும் இதே அரங்கநாதனே. அவ்விதிகளில் எதுவும் வாசகரின் சொத்துரிமையைப் பற்றிப் பேசவில்லை. பொது நூலகங்கள் பற்றி யுனெஸ்கோ 1949இல் வெளியிட்டுப் பின்னர் 1972, 1994, 2022 ஆகிய ஆண்டுகளில் திருத்தியமைத்த பிரகடனமும், சமூக நிலை கருதாது யாவருக்கும் சமமான அணுக்கம் வேண்டும் என்னும் கொள்கையையே அடிப்படையாகக் கொண்டது.

அவ்வாறாயின் ஆதன வரி என்னும் நிபந்தனை எங்கிருந்து வந்தது? உள்ளூராட்சிச் சபைகளின் பிறப்பிலேயே அதற்கு விடை உண்டு. வீடும் வளவும் உடையோர் வரி கொடுத்தனர். வரி கொடுத்தோருக்கு வீதி, விளக்கு, நீர், நூலகம் ஆகியன கிடைத்தன. நகரத்து மத்தியதர வகுப்பாரின் கண்ணுக்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால் லயத்தில் வாழும் தொழிலாளி ஆதனம் இல்லாதவராக ஆனது எவ்வாறு என்பதை இந்நியாயம் கேட்பதில்லை. அவர் வாழும் அறை தோட்டத்துக்குச் சொந்தமானது. தலைமுறை தலைமுறையாக அவர் உழைப்பில் வந்த செல்வத்திலே நாட்டில் வீதியும் புகைவண்டியும் துறைமுகமும் எழுந்தன. காணித் துண்டு மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. உள்ளூராட்சியின் கதையும் இதுவே. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில், தோட்டப்புறங்களுக்குச் சபைகள் சேவை வழங்குவதற்குத் தடையாக விளங்கிய ஏற்பாடு 2018ஆம் ஆண்டில்தான் திருத்தப்பட்டது. அதாவது, வாக்களித்துச் சபையைத் தெரிவுசெய்யும் உரிமை பெற்ற பின்னரும், அச்சபையின் சேவைக்கு வெளியே முப்பது ஆண்டுகள் இம்மக்கள் நிறுத்தி வைக்கப்பட்டனர்.

சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. படிவம் திருத்தப்படவில்லை. சட்டத்தைத் திருத்தப் பாராளுமன்றம் கூட வேண்டும். படிவத்தைத் திருத்தச் சபையின் ஒரு தீர்மானம் போதும். ஆயினும் பெரிய வேலிகள் சாய்ந்த பின்னரும் சிறிய வேலிகள் நீடித்து நிற்பதை நாம் பலவிடங்களிற் காண்கின்றோம். அவற்றை எவரும் வேலியென்று கருதாமையே அதற்குக் காரணம்.

இனி நூலகத்தின் உள்ளே செல்வோம். அங்கத்துவம் பெற்ற மாணவி முதன்முதலாகக் கேட்டது கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ என்னும் நாவலை. 1964இல் வெளிவந்த அந்நூல், தோட்டத் தொழிலாளரின் வாழ்வைப் பொருளாகக் கொண்டது. வகுப்பிலே அதைப் பற்றி நான் பேசியிருந்தேன். தன் பாட்டியின் கதையை யாரோ எழுதியிருக்கின்றார்கள் என்ற வியப்போடு அவள் அதைத் தேடிச் சென்றாள். நூல் இருந்தது. பூட்டிய கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. பழைய பிரதி, மீண்டும் கிடைத்தல் அரிது, ஆகவே உசாத்துணைக்கு மட்டும் என்று கூறிவிட்டனர். அவள் கண்ணாடியினூடாக முதுகட்டையைப் பார்த்துவிட்டு, பரீட்சை வழிகாட்டி நூலொன்றைப் பதிந்துகொண்டு திரும்பினாள்.

இதைக் கேட்டு நூலகரைக் குறைகூற முற்படுதல் எளிது. ஆனால் அது நீதியாகாது. எங்கள் நூலகர் பொறுமையும் கடமையுணர்வும் மிக்க பெண்மணி. அவருக்குத் துணையாக ஓர் ஊழியர் மட்டுமே. நூல் ஒன்று தொலைந்தால் வருட இறுதிக் கணக்கெடுப்பிலே அது குறைவாகத் தோன்றும். கணக்காய்வு ஐயவினா வரும். விளக்கம் எழுத வேண்டும். சில வேளைகளில் தம் சம்பளத்திலிருந்து ஈடுசெய்ய வேண்டும். நூல் ஒன்று பத்தாண்டுகளாக எவராலும் வாசிக்கப்படாமற் கிடந்தாலோ எவரும் ஐயவினா எழுப்புவதில்லை. நூலைத் தளபாடம்போற் கணக்கிடும் இம்முறையிலே, பூட்டி வைப்பவர் சிறந்த ஊழியராகவும் இரவல் கொடுப்பவர் கவனமற்றவராகவும் ஆகிவிடுகின்றனர். நாற்காலிக்கும் நூலுக்கும் உள்ள வேறுபாட்டை நிதிப் பிரமாணம் அறியாது. கைபட்டுக் கசங்கித் தாள் உதிர்ந்து அழிந்த நூல் தன் கடமையைச் செய்து முடித்த நூல் என்பதைக் கணக்காய்வாளர் எழுத ஒரு நிரல் இல்லை.

நூல்களின் தெரிவைப் பற்றியும் சில கூற வேண்டும். தூயியின் தசாம்சப் பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்குரிய எண் 894.811. எங்கள் நூலகத்தில் அவ்வெண் ஒட்டிய இறாக்கைகளிலே தமிழகத்துத் தொடர்கதைகளும் சரித்திர நாவல்களும் நிறைந்திருக்கின்றன. அவற்றை வாசித்து இன்புறுவதிலே தவறில்லை. நானும் அவற்றை வாசித்தே வாசகனானவன். ஆனால் மலையகத்து எழுத்துக்கென ஒரு தட்டுக்கூட அங்கே இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை இந்த மலைகளிலே பிறந்து, இம்மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். அவர் ஆங்கிலத்தில் எழுதியவை ஓரிடத்திலும் தமிழில் எழுதியவை வேறோரிடத்திலும் சிதறிக் கிடக்கின்றன. சில இல்லவே இல்லை. தன் ஊரைப் பற்றி அறிய விரும்பும் ஒருவருக்கு அவ்வூரின் நூலகமே இடம் தராவிட்டால், கொழும்பிலோ கண்டியிலோ அதைத் தேடிக்கொள் என்று அவரிடம் கூறுவது நியாயமாகுமா? நமது நாட்டிலே தமிழ் நூல்கள் பெரும்பாலும் சில நூறு பிரதிகளே அச்சாகின்றன. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது தாள் கிடைக்காமற் பத்திரிகைகளே பக்கங்களைக் குறைத்தன; நூல்களின் விலையும் அதன்பின் பன்மடங்காயிற்று. நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு நூலகமே ஒரே புத்தகக் கடை.

வாசிப்பு நேரத்தைப் பற்றியும் கேள்வி எழுகின்றது. எங்கள் நூலகம் காலை எட்டரை மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்கு மூடப்படும். கொழுந்து பறிக்கும் பெண் காலையில் மலைக்கு ஏறினால், மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப நான்கரை மணி கடந்துவிடும். கடையில் வேலை செய்யும் இளைஞனுக்கு இரவு எட்டு மணிக்கே விடுதலை. வேலையற்றோர், ஓய்வுபெற்றோர், பரீட்சைக்குப் படிப்போர் ஆகிய மூவகையினருக்கு மட்டுமே இந்நேரம் பொருந்தும். உழைப்போர் உழைக்கும் நேரம் முழுவதும் திறந்திருந்து, அவர்கள் ஓயும் நேரத்தில் மூடப்படும் நூலகம், உழைப்போர் வாசிப்பதில்லை என்று குற்றமும் சாட்டுகின்றது.

“அவர்கள் வாசிக்க மாட்டார்கள், இப்போது எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கின்றது” என்பார் உளர். தொலைபேசி எல்லோர் கையிலும் இருப்பது உண்மைதான். வாசிக்கும் விருப்பம் இல்லையென்பது உண்மையன்று. எழுத்தறிவு மறுக்கப்பட்ட காலத்திலும், எழுத்துத் தெரிந்த ஒருவர் விளக்கடியில் அமர்ந்து பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களை இராகத்தோடு படிக்க, லயமே கூடியிருந்து கேட்ட மரபு இம்மலைகளில் இருந்தது. காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் இரவிரவாக ஆடப்பட்ட மண் இது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலும் வாசிகசாலைகளிலே ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்கப் பலர் கேட்பது வழக்காக இருந்தது. சொல்லின்மீது காதல் கொண்ட மக்களுக்கு நூலின்மீது வெறுப்புண்டு என்று கூறுவது, தம் கடமையைச் செய்யாதோர் தேடிக்கொள்ளும் சாட்டு.

1981ஆம் ஆண்டு ஜூன் முதலாம் திகதி யாழ்ப்பாணத்துப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அத்துயரை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அதை எரித்தோரின் குற்றத்துக்கும், ஒரு நூலகரின் அச்சத்துக்கும், ஒரு சபையின் அசட்டைக்கும் எவ்வித ஒப்புமையும் இல்லை. ஆயினும் எரிந்த நூலகத்தை நினைத்து ஆண்டுதோறும் அழும் சமுதாயம், எரியாமல் இருக்கின்ற சிறு நூலகங்களின் கதவு யாருக்குத் திறக்கின்றது என்று ஒரு முறையேனும் கேட்க வேண்டாமா? நூல்களின்மேல் நாம் கொண்ட அன்பு உண்மையானதாயின், அது நினைவுக் கூட்டங்களோடு முடிந்துவிடாது.

செய்ய வேண்டியவை அரியன அல்ல. பிணையாளர் ஆதன வரி இறுப்பவராக இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை நீக்கப்படட்டும். மாணவர்க்குப் பாடசாலை அதிபரின் கடிதமும், ஏனையோருக்கு அடையாள அட்டையும் போதும். வாரத்தில் இரு நாட்களேனும் இரவு எட்டு மணிவரை நூலகம் திறந்திருக்கட்டும்; ஞாயிற்றுக்கிழமையும் அவ்வாறே. ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட வீதம் நூல்கள் தேய்ந்தும் தொலைந்தும் போவது இயல்பு என்பதைச் சபை தன் கணக்கிலேயே ஏற்று, அப்பழுவை நூலகரின் தோளிலிருந்து இறக்கட்டும். நூல் தெரிவுக் குழுவில் வாசகரும் ஆசிரியரும் தோட்டத்தைச் சேர்ந்தோரும் இடம்பெறட்டும். நகருக்கு வர இயலாதோரிடம் நூல் செல்லட்டும். 1931இல் மன்னார்குடிப் பகுதியிலே மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுசென்றார்கள். அன்று மாட்டுவண்டியால் இயன்றது இன்று சபையின் வாகனத்தால் இயலாதா? தோட்டத்துப் பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்திலோ கோயில் மண்டபத்திலோ ஐம்பது நூல்கள் கொண்ட ஒரு பெட்டியை வைத்து மாதந்தோறும் மாற்றிக்கொடுத்தால் அதுவே ஒரு கிளை நூலகம்.

2025ஆம் ஆண்டு மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றது. வாக்குக் கேட்டு வந்தோர் வீதி போடுவதாகச் சொன்னார்கள், விளக்குப் போடுவதாகச் சொன்னார்கள். நூலகத்தைப் பற்றி என்னிடம் எவரும் பேசவில்லை. நானும் அவர்களிடம் கேட்கவில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. வகுப்பறையில் வாசிப்பின் மேன்மையைப் போதித்துவிட்டு, வாசிப்பதற்கான வழியைத் திறந்துவிடும் பொறுப்பைப் பிறரிடம் விட்டுவிடும் ஆசிரியர் கூட்டத்தில் நானும் ஒருவன்.

அம்மாணவியின் கதையில் ஒரு பகுதி எஞ்சியுள்ளது. சில மாதங்களின் பின்னர் ஒருநாள், நூலகர் தாமாகவே அலுமாரியைத் திறந்து ‘தூரத்துப் பச்சை’யை அவளிடம் கொடுத்தார். “கவனம் பிள்ளை, தொலைஞ்சா என் சம்பளத்துலதான் கழிப்பாங்க” என்று சொல்லியே கொடுத்தாராம். இரண்டு வாரத்தில் நூல் பழுதின்றித் திரும்பி வந்தது. அவள் மட்டும் அதை வாசிக்கவில்லை. இரவிலே அவள் உரத்து வாசிக்க, எழுதப் படிக்கத் தெரியாத அவள் பாட்டியும் அடுத்த காம்பராப் பெண்களும் கேட்டிருக்கின்றார்கள். சில இடங்களில் பாட்டி குறுக்கிட்டு, அது அப்படியில்லை, இப்படித்தான் நடந்தது என்று திருத்தவும் செய்தாராம்.

இதைக் கேட்டு நான் மகிழ்ந்தேன். உடனே வருந்தவும் செய்தேன். ஒரு நூல் தனக்குரிய வாசகரைச் சென்றடைவதற்கு ஒரு கடைக்காரரின் கையொப்பமும், ஒரு நூலகரின் துணிச்சலும் வேண்டியிருந்தன. அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றால் அலுமாரி மீண்டும் பூட்டப்படும். கடைக்காரருக்குக் கணக்கில் மனத்தாங்கல் வந்தால் கையொப்பம் மீளப் பெறப்படும். நல்லோர் சிலரின் இரக்கத்தில் தங்கியிருக்கும் வரையில் எந்நூலகமும் பொது நூலகமாகாது. அடுத்த முறை அந்தப் படிவத்தோடு என்னிடம் வரும் பிள்ளையைக் கடைத்தெருவுக்கு அழைத்துச் செல்வதில்லை என்று முடிவுசெய்திருக்கின்றேன். படிவத்தையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு சபையின் மாதாந்தக் கூட்டத்துக்குச் செல்வதே முறை. உங்கள் ஊரிலும் அப்படிவம் இருக்கக்கூடும். அதன் கடைசிப் பகுதியை ஒரு முறை வாசித்துப் பாருங்கள்.